வரதன் அட்டைகள் இரண்டு

பபிள்கம்மோடு இலவசமாக வந்த கிரிக்கெட் அட்டைகள் இரண்டு ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. இரண்டிலும் பேட்ஸ்மேன் வரதன்தான். அதே தொப்பி, அதே சிரிப்பு, ஓங்கிய அதே மட்டை.

"நான்தான் அசல். நீ என்னைப் பார்த்து அடிச்ச காப்பி," என்றது ஒன்று.

"போய்யா! காப்பி நீதான்," என்றது மற்றது.

எந்த அட்டைக்கும் தன் முதுகு தெரியாது. அதனால் சண்டை ஓயவே இல்லை.

ஒருநாள், பழைய அட்டைகளைச் சேர்க்கும் ரெஜினா டப்பாவைத் திறந்தாள். அவளுக்கு முதல் அச்சு மட்டும் போதும். மற்றதை யாருக்காவது கொடுத்துவிடுவாள். இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

முகத்தை வைத்து அவளாலும் பிரிக்க முடியவில்லை. ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். "இதுவரை எடுத்த அதிகபட்ச ரன், தொண்ணூற்றொன்பது."

அடுத்ததைத் திருப்பினாள். "நூற்றுப் பதினேழு. ஓ, இது மறுவருஷத்து அச்சு."

முதலாவதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தாள். மற்றதை ஒரு கடித உறைக்குள் போட எடுத்தாள். அதன் முகம் வாடிப்போனது.

"நீங்கதான் அசல், அண்ணே. நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

மூத்தது அதைக் காதில் வாங்கவே இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு கெஞ்சியது.

"தம்பி, அந்த நூறாவது ரன்னை எப்படிடா எடுத்தான்? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."