ஃபுல் டேங்க்

"நேத்து ஒரு ஃபுல் அடிச்சேன்டா மாப்ளே. சொட்டுத் தண்ணி கலக்கல. அப்புறம் கொஞ்சம் காத்து. வந்து சேர்ற வரைக்கும் ஒரு ஆட்டம் இல்ல, தெரியுமா!"

ஆபீஸ் காரில் சாய்ந்தபடி டிரைவர் செல்போனில் அளந்துகொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் புது மேனேஜர்.

மேனேஜர் வாகனப் பிரிவுக்கு வந்த முதல் நாள் அது. அதுவரை பேப்பர், பேனா வாங்கும் பிரிவில் இருந்தவர். கார் என்றால் பின் சீட்டில் ஏறி உட்காரத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் டிரைவர்களுக்கான விதிகளை ராவோடு ராவாக மனப்பாடம் செய்து, காலையில் இதே காரில் வரும் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்திருந்தார்.

"உள்ள வாய்யா."

அறைக்குள் போனதும் மேஜையைத் தட்டினார். "சாவியை இங்க வை. குடிக்கிற டிரைவருக்கு அன்னைக்கே சீட்டு கிழியும். விதி தெரியுமில்ல?"

டிரைவர் சாவியை மேஜையில் வைத்தார். இந்த வேலை போனால் மச்சான் கடையில் கைகட்டி நிற்க வேண்டும். மச்சான் அதற்காகவே காத்திருக்கிறான். நினைக்கும்போதே அவமானமாக இருந்தது.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"என் காதால கேட்டேன்யா! ஃபுல் அடிச்சேன்னு சொன்னியா இல்லையா?"

டிரைவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்.

"டேங்க்கைச் சொன்னேன் சார். வண்டியை ஷெட்ல விடும்போது டேங்க் ஃபுல்லா இருக்கணும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? நான் எப்பவுமே அப்படித்தான். நேத்தும் பங்க்ல ஃபுல் அடிச்சேன்."

மேனேஜரின் புருவம் கொஞ்சம் இறங்கியது. "அப்ப தண்ணி கலக்கலன்னது?"

"சில பங்க்ல டீசல்ல தண்ணி கலந்துடறான் சார். நான் பார்த்துத்தான் அடிப்பேன்."

"காத்து?"

"நாலு டயருக்கும் சார். ஸ்டெப்னியைக்கூட விடல."

"ஆட்டம் இல்லன்னியே?"

"காத்து சரியா இருந்தா ஸ்டியரிங் ஆடாது சார்."

மேனேஜருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார்.

"அதான் காலையில நீங்க வீட்டுக்கு வந்தப்போ, கார் வாசல்ல நின்னதே என் காதுல விழல! என்ஜினை அப்படி வெச்சிருக்கீங்க. பராமரிப்புன்னா இதுதாங்க பராமரிப்பு!"

'நீ' எப்போது 'நீங்க' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

மேனேஜர் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இனிமே தினமும் ஒரு ஃபுல் அடிச்சிட்டுத்தான் நீங்க வீட்டுக்குப் போகணும். இது என் உத்தரவு. செலவு ஆபீஸ் கணக்கு."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மேனேஜர் வரமாட்டாரா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறார்! "உயிரே போனாலும் இந்த உத்தரவை மீற மாட்டேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசற்படியில் மட்டும் கால் லேசாகத் தடுமாறியது. பாவம், நெகிழ்ந்துபோய்விட்டார் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

பூரிப்பு அடங்காமல் ஜன்னலைத் திறந்து, ஷெட்டில் நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நம்ம டிரைவர் இந்தக் காருக்கு எந்த பங்க்ல டீசல் அடிக்கிறாருன்னு கேட்டு வைங்க. இனிமே எல்லா வண்டிக்கும் அங்கதான்!"

வாட்ச்மேன் காரைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"டீசலா? இது சார்ஜ் போடற கார் சார்!"