பானுமதி வீட்டு வாசல்

எதிர் ஃபிளாட் வாசலில் முனிசிபாலிட்டி அதிகாரி நிற்கிறார். இந்த வளைகுடா நகரத்தின் சத்வாப் பேட்டை மதிய வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாக வந்து அவருடைய வெள்ளை அங்கியில் கண்ணைக் கூச வைக்கிறது. நான் ஒன்றும் வேவு பார்க்கவில்லை. என் கதவிலுள்ள கண்ணாடித் துளை சரியாக என் கண் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கென்று எடுத்த வீட்டில் பானுமதி திரை கட்டி ஆட்களை உள்வாடகைக்கு வைத்திருக்கிறாள். பிடிபட்டால் இன்றிரவு அத்தனை பேருக்கும் தெருதான். காலையிலேயே வாட்ச்மேன் சோதனை வருவதைச் சொல்லிவிட்டதால் திரைகள் கழன்றுவிட்டன. நைட் ஷிஃப்ட் முடித்த ஆண்கள் குளியலறைக்குள் அடுக்கப்பட்டுவிட்டார்கள். நர்ஸ் தேவகனி தூக்கக் கண்ணோடு தங்கச்சியாகிவிட்டாள். வாசலை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

"கித்னா ஆத்மி?" என்று இந்தியில் ஆள் கணக்குக் கேட்கிறார் அதிகாரி.

"ஒன்லி ஃபேமிலி சார். நான், ஹஸ்பெண்ட், இவ என் தங்கச்சி."

அவர் கீழே பார்க்கிறார். சிமென்ட் காய்ந்த பூட்ஸ்கள், பெயின்ட் தெறித்த பூட்ஸ்கள், ரப்பர் செருப்புகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. உள்ளே யாரோ இருமலை விழுங்குவது எனக்கே கேட்கிறது. அதிகாரி குனிந்து தன் செருப்பைக் கழற்றுகிறார். வைக்க இடமில்லை. வந்தவருக்கு மரியாதையாகப் பானுமதியே அந்தக் குவியலைக் காலால் ஒதுக்கி இடம் செய்து கொடுக்கிறாள்.