அறையைச் சுற்றிக் காட்டுங்கள்

ஹிஞ்சேவாடி ஐ.டி. வளாகத்தில், ஒன்பதாவது மாடிக் கண்ணாடி அறைக்கு வெளியே மழை சத்தமில்லாமல் வழிகிறது. ஸ்ரீவத்சனின் லேப்டாப் திரையில், வேலை இன்டர்வியூவுக்காக ஷீலா, தளேகாவ் ஊரில் இருக்கும் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் அவன் தமிழுக்கு மாறியிருக்கிறான். "ரூம ஒரு தடவ சுத்திக் காட்டுங்க. கூட யாரும் இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்." ஷீலா போனைக் கையில் எடுத்துத் திருப்புகிறாள். ஆணியில் தொங்கும் சுரிதார், அடுப்பு, கீரை ஆயும் அம்மா, நைட் ஷிப்ட் முடிந்து வந்து போர்வைக்குள் தூங்கும் அப்பா. "ஒரே கம்ராதான் சார், வேற ரூம் இல்ல," என்கிறாள். ஸ்ரீவத்சன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அவன் பக்கத்து நாற்காலியில், கூட இன்டர்வியூ எடுக்கும் சுப்ரஜா காபிக் கோப்பையின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். திரையில் அம்மா அப்பாவின் தோளைத் தொடுகிறாள். அவர் எதுவும் கேட்காமல் எழுந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு, தூக்கம் கலையாத கண்களோடு போனைப் பார்த்துக் கும்பிடுகிறார். கீரை முறத்தோடு அம்மாவும் வெளியே போகிறாள். கதவு சாத்தப்படுகிறது. ஷீலாவுக்குப் பின்னால், ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் மழையில், ஒரே நீலப் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் இரண்டு தலைகள் நிற்கின்றன. "இப்போ யாரும் இல்ல சார்." முதல் கேள்விக்கு அவள் பதில் சொல்லத் தொடங்கும்போது மழை வலுக்கிறது. அவள் குரலை உயர்த்துகிறாள். மழை அதைவிட உயர்கிறது. ஸ்ரீவத்சன் முகம் சுளித்து ஸ்பீக்கரின் ஒலியைக் குறைக்கிறான். "ஒண்ணுமே கேக்கல. இன்டர்வியூன்னு முன்னாடியே சொல்லியிருந்தோமே, அமைதியான இடமா பாத்து உக்காந்திருக்கலாமே?" ஷீலா தலைக்கு மேலிருக்கும் தகரக் கூரையை நிமிர்ந்து பார்க்கிறாள். "ஸாரி சார்," என்கிறாள்.