பட்டாணிப்பூக் காவல்

“மச்சான், களவாணிப் பய இன்னைக்கும் வந்திருக்கான்! நடு வரிசையில ஒரு பூ மிச்சமில்ல, பாரு!”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குருசாமி தலையில் அடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் செவ்வந்திப் பாத்தியில் நின்ற சின்னக்கருப்பு, தங்கை புருஷன் படும் பாட்டைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“அட கொடுமையே! கோழியைத் திருடுனா குழம்பாவது வைக்கலாம். பூவைப் போயி எவன் மாப்ள திருடுவான்?”

“பொங்கல் கழிஞ்சதும் ஜவுளிக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம். கூடை கூடையாக் கொண்டாறேன்னு வாக்குக் குடுத்திட்டேன். வேதக்கோயில்ல எம் மூஞ்சியை எங்கன வச்சுக்கிறது?”

போடிக்கு மேலே மலைச்சரிவில் இருவருக்கும் அடுத்தடுத்த தோட்டம். அடிவாரத்தில் சிலுவை வைத்த வேதக்கோயிலில் யார் கல்யாணம் நடந்தாலும் சின்னக்கருப்பின் செவ்வந்திதான் இறங்கிப் போகும். அந்தப் பெருமையில்தான் அவனுக்குச் சோறே இறங்கும். இந்த வருஷம் பார்த்துக் குருசாமி, எஸ்டேட் துரைசானியிடம் விதை வாங்கி, கோல் நட்டு, கயிறு கட்டி, மூன்று வரிசை பட்டாணிப்பூக் கொடி ஏற்றிவிட்டான்.

“திங்க முடியாத பட்டாணிக்கு இம்புட்டு மெனக்கெடா?” என்று ஊரே சிரித்தது. சின்னக்கருப்பும் சேர்ந்து சிரித்தான், கல்யாணப்பெண் சொர்ணலதா அப்பாவோடு பூப் பார்க்க வரும்வரை.

ஓரத்து வரிசைகளில் வெள்ளையும் ரோஸுமாய், சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை போல அகலப் பூக்கள். அவள் முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நடு வரிசையில் ஊதாவும் கருஞ்சிவப்புமாய்ச் சின்னஞ்சிறு பூக்கள். அதில் முகத்தைப் புதைத்தவள் நிமிரவே இல்லை.

“அப்பா, இதுதான்! பாக்க நோஞ்சான், வாசத்தைப் பாருங்க. என் கையில செண்டும் இதுதான், கோயில் முழுக்கவும் இதுதான்.”

“அப்ப செவ்வந்தி?” என்றான் சின்னக்கருப்பு, வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி.

“அதுல என்ன வாசம் இருக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

அவள் அப்பா வைகுண்டராஜ்தான் சமாதானம் சொன்னார். “பட்டாணிப்பூ பத்தாமப் போனா ஒன் செவ்வந்தியை எடுத்துக்கிறோம்ப்பா.”

சின்னக்கருப்புக்கு அது போதாதா? அன்று சாயங்காலமே குருசாமி ஊர் கேட்கக் கத்தினான். “ஏலே, நடு வரிசையில எவனும் கை வைக்கப்படாது! கல்யாணம் வரைக்கும் ஒரு பூ குறையப்படாது!”

கை வைத்தது வேறு யாருமல்ல, மச்சானேதான். மத்தியானம் குருசாமி கஞ்சி குடிக்கப் போனதும் வேலி தாண்டுவான். நடு வரிசையில் மலர்ந்ததையெல்லாம் கிள்ளித் துண்டில் முடிந்து, ஓடையில் விடுவான். விரலில் ஒட்டிய வாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சாணியைத் தேய்த்துக் கழுவுவான். சாயங்காலம் வந்து துக்கம் விசாரிப்பான்.

“காவலுக்கு ஒரு ஆளைப் போடேன் மாப்ள.”

“ஆளுக்கு எங்கன போக? எல்லாரும் ஏலக்காய் எடுக்க மலையேறிட்டாக. ஒன் தங்கச்சி பாண்டியம்மா பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. ஒத்தை ஆளு தண்ணி சுமப்பேனா, காவல் காப்பேனா?”

சின்னக்கருப்பு ‘ச்சூ’ கொட்டினான். உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

பொங்கல் முடிந்த கையோடு, மருமகனுக்குத் தாய்மாமன் சீர் வாங்கி வரும்படி தங்கை சொல்லிவிட்டாள். சின்னமனூர்ச் சந்தைக்குப் போய், சொந்தபந்தங்களுக்கும் பிள்ளை பிறந்த சேதி சொல்லிவிட்டு அவன் திரும்புவதற்குள் சில நாள் ஓடிவிட்டது. ஓடினால் என்ன? இத்தனை நாள் கிள்ளிய கொடியில் இனி என்ன பூத்துவிடும்!

கல்யாணத்தன்று விடிந்ததும் செவ்வந்தியைக் கூடையில் குவித்து எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தான். வந்தவன் வாய் பிளந்து நின்றான்.

ஓரத்து இரண்டு வரிசையிலும் மருந்துக்கும் பூ இல்லை. காய் காயாய்த் தொங்கி, இலை பழுத்துக் கிடந்தது. நடு வரிசையோ அடியிலிருந்து நுனிவரை பூத்துத் தள்ளியிருந்தது. மலைச்சரிவே மணத்தது.

“என்ன மாப்ள இது? தொடாததெல்லாம் காய்ச்சுக் கிடக்கு, களவு போனது பூத்துக் கிடக்கு!”

குருசாமி பூ வெட்டுவதை நிறுத்தவில்லை. “இந்தக் கொடி அப்பிடித்தான் மச்சான். பூத்ததை அன்னன்னைக்கு எடுத்துரணும். விட்டா காய் பிடிச்சு, வந்த வேலை முடிஞ்சதுன்னு பூக்கிறதையே நிறுத்திரும். விதை குடுக்கும்போதே துரைசானி சொன்னாக.”

“பெறகு எதுக்குய்யா கை வைக்காதேன்னு ஊரைக் கூட்டிக் கத்துன?”

“ஒன் தங்கச்சிதான் கத்தச் சொன்னா. ‘பறிச்சுக் குடுன்னு கூப்பிட்டா எங்கண்ணன் திரும்பிக்கூடப் பாக்காது, பறிக்காதேன்னு சொல்லுங்க, நித்தம் வரும்’னா. கல்யாணத்துக்குப் பூ நிக்கட்டும்னு கடைசியில ஒன்னைச் சந்தைக்கு அனுப்புனதும் அவதான்.”

சின்னக்கருப்பின் தலையிலிருந்த கூடையைப் பதனமாக இறக்கி வைத்துவிட்டு, குருசாமி அவன் கையில் ஒரு கத்தரிக்கோலைத் திணித்தான். “செண்டுக்கு இன்னும் வேணும், வா. நகத்தால மட்டும் கிள்ளாத மச்சான், கொடி நைஞ்சு போகுது.”