சுத்தமான மண்

"இனிமேல் இந்த மண்ணை அள்ளித் தின்றாலும் ஒன்றும் ஆகாது!" என்று மைக்கில் முழங்கினார் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி கிருஷ்ணசாமி. முழங்கிய கையோடு, கூட்டத்துக்கு எடுத்துக் காட்டிய ஒரு பிடி மண்ணை மேடையிலேயே உதறிவிட்டு, சென்னையிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பழைய பெட்ரோல் கிடங்கு இருந்த இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் டேங்க் கழுவிய கசடையெல்லாம் கம்பெனி அங்கேயே புதைத்தது. அந்தப் பெட்ரோல் நின்றதும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது.

ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிய பிறகுதான் ஆளுயரத்துக்குத் தோண்டி, லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளி முடித்து ஆறு மாதம் ஆகிறது. தலைமை விருந்தினருக்குத் தேதி கிடைக்காததால், மண் இன்றுதான் முறைப்படி சுத்தமானது.

அள்ள வைத்தவர் அப்பாதுரை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். அவருடைய ஒரே மகள் பவானிக்கு ஏழு வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். கற்றுக்கொண்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தொலைத்துக்கொண்டு வந்தாள். "ஆடு" போயிற்று, "நிலா" போயிற்று, போன பொங்கலோடு "அம்மா"வும் போயிற்று. "அப்பா" மட்டும்தான் பாக்கி.

அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் அப்பாதுரை மறியல் செய்தார், லாரிக்கு முன்னால் படுத்தார், போலீஸ் வேனிலும் ஏறி இறங்கினார்.

கம்பெனிக்கும் அவருக்கும் கடைசியாக ஒரே ஒரு தகராறு வந்தது. கிடங்குக்குள்ளே அவர் வீட்டுக் குலசாமி மொட்டைப்பனை முனி நின்றிருந்தது. "அந்த எடத்தையும் தோண்டிடறோம் சார்" என்று கிருஷ்ணசாமி கெஞ்சினார்.

"சாமி கால்ல கடப்பாரையா? என்னைத் தாண்டிப் போடுய்யா பாக்கலாம்!" என்று அப்பாதுரை துண்டை விரித்து அங்கேயே படுத்துவிட்டார். கம்பெனி ஒரு கும்பிடு போட்டது. முனியைச் சுற்றி வேலி கட்டி, பெயின்ட் அடித்து, வேலியில் தன் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டது.

"மண்ணின் காவலர் அப்பாதுரை அவர்களுக்குப் பொன்னாடை!" என்று மைக் அலறியது. போர்த்தினார்கள். போட்டோவுக்காக இன்னொரு தரமும் போர்த்தினார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் மனைவி புனிதா பவானியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "இன்னாங்க, ஜல்தி வாங்க. ரத்தம் குடுத்துட்டு வந்தமே, சாயங்காலம் வந்து கேக்கச் சொல்லிக்கிறாரு டாக்டரு."

"தோ, முனியைக் கும்புட்டுட்டு வந்துடறேன். இன்னிக்கு நல்ல சேதிதான், பாத்துக்கினே இரு."

வேலிக்குள் போய்க் குனிந்து நிமிர்ந்தார். வேட்டி மடியை இறுக்கி முடிந்துகொண்டே ஓடிவந்து பஸ் ஏறினார். பொன்னாடையைக் கழற்றவில்லை. விழுப்புரத்து டாக்டரும் ஒரு கண் பார்க்கட்டுமே.

டாக்டர் சவுரிராயன் பொன்னாடையைப் பார்க்கவில்லை. "அப்பாதுரை, உங்க ஊர்ப் புள்ளைங்க எல்லாருக்கும் ஈயம் கொறைஞ்சுகிட்டே வருது. உங்க பொண்ணுக்கு மட்டும் ஏறியிருக்கு" என்றார்.

"ஏறிக்கீதா?" அப்பாதுரையின் முகம் செத்துவிட்டது. அடுத்த நிமிஷம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏமாத்திட்டானுங்க டாக்டர்! மேலாக்க வாரிட்டு அடியில வுட்டுட்டுப் போயிக்கிறானுங்க. தின்னாலும் ஒன்னும் ஆவாதுன்னு மைக்குல வேற பேசறான். நாளைக்கே ரோட்டுல ஒக்காரலன்னா என் பேரு அப்பாதுரை இல்ல!"

"ரோட்டுல அப்புறம் ஒக்காரலாம். இப்படியே ஏறினா அடுத்தது வலிப்புதான். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

புனிதா பவானியின் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊர்ல மண்ணு மாத்தியாச்சு, தண்ணியும் மாத்தியாச்சு. மத்த புள்ளைங்க வாயில போகாத எதுவோ ஒண்ணு இவ வாயில போகுது. நாட்டு மருந்து, லேகியம், சூரணம்னு ஏதாவது குடுக்கறீங்களா?"

"ஐயோ, ஒரு மருந்தும் கெடையாதுங்க. கேப்பைக் கூழு, பாலு, நீங்க எழுதிக் குடுத்த மாத்திரை, அவ்ளோதான். எல்லாமே என் கையாலதான் குடுக்கறேன். இவ அம்மாகிட்டக்கூட வுடமாட்டேன்."

சத்தியமாகத்தான் சொன்னார். மகள் விஷயத்தில் பொய் சொல்லுகிற ஆள் இல்லை அவர்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் வந்து விளக்கைப் போட்டாள். விளக்கைப் பார்த்ததும் பவானி அம்மாவின் மடியிலிருந்து சறுக்கி இறங்கினாள்.

"அப்பா" என்றாள். தள்ளாடி நடந்து போய் அவர் மடி முடிச்சைப் பிடித்து இழுத்தாள். பிறகு வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் முடிச்சைப் பார்த்தார். அப்பாதுரையின் கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது. பொன்னாடை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

புனிதாதான் மெல்லச் சொன்னாள்.

"முனி கால் மண்ணுங்க. ஊர் மண்ணை வாரி முடிச்சதுலருந்து ரெண்டு வேளையா குடுக்கறாரு."