சர்வருக்குத் தனிக் குடித்தனம்

“கண்டவன் சைட்டோட என் சைட்டும் ஒரே சர்வர்ல கிடக்கறதா? ஏம்ப்பா, என்னை என்ன ஒண்டுக்குடித்தனக்காரன்னு நெனச்சியா?”

கல்யாணத் தரகர் கேட்டார். கேட்டார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர்காரன் தலையில் கொட்டினார் என்பதுதான் சரி.

அவர் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அடுத்த தெருவில் போட்டிக்குத் தரகு பார்க்கும் மூக்குக்கண்ணாடிக்காரர், தன் வலைத்தளத்துக்கென்றே தனி சர்வர் எடுத்துவிட்டாராம். அதைத் தரகர் முடிவெட்டும் கடையில் கேள்விப்பட்டார். பாதி சவரத்தில் எழுந்து போகவும் முடியாமல், நுரையும் முகமுமாக உட்கார்ந்து முழுப் பெருமையையும் கேட்டுத் தொலைக்க வேண்டியதாயிற்று.

“சார், ஷேர்டுன்னா ஒரு பெரிய வீட்டுல பல குடித்தனம் இருக்கற மாதிரி. தனி சர்வர்னா முழு வீடும் உங்களுக்கே. ஆனா அவ்வளவு பெரிய வீட்டுல போட்டு வைக்க உங்ககிட்டச் சாமான் வேணுமே?”

“சாமானா? என் சைட்டுல இருக்கற பொண்ணு மாப்பிள்ளையெல்லாம் உனக்குச் சாமானா? சரி, என்னோட வேற யார் குடியிருக்கா அங்க?”

“ஒரு பல் டாக்டர் சார். ஒரு டைலர். அப்புறம்... கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கற கம்பெனி.”

“கேட்டியா அநியாயத்தை! குடும்பப் பொண்ணுங்க போட்டோவைக் கொண்டுபோய்க் கரப்பான் பூச்சியோட வச்சிருக்கான். அதான் சைட்டைத் திறந்தா சக்கரம் சுத்திக்கிட்டே நிக்குது. பொண்ணு மூஞ்சி முழுசா தெரியறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரை விழுந்துடும்!”

“அது சர்வர் தப்பில்ல சார். போட்டோவையெல்லாம் சுவரை மறைக்கற அளவுல ஏத்தி வச்சிருக்கீங்க. சின்னதாக்கினா ஓடும்.”

“எல்லாத்தையும் சின்னதாக்கிக்கிட்டே இரு. அதான் நீயும் இப்படியே இருக்கே.” தரகர் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினார். “எங்கேருந்தும்மா பிடிச்சே இந்த ஆளை?”

அங்கே அவர் மகள் புதிதாக வந்த வரன்களின் விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். “வேலை தெரிஞ்சவர்ப்பா” என்றாள், தலை நிமிராமல்.

“ஆளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் கொண்டு வந்த மாப்பிள்ளையெல்லாம் மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னு தள்ளிவிட்டவதானே நீ! ஊருக்கெல்லாம் ஜோடி சேக்கறவனுக்குச் சொந்தப் பொண்ணுக்கு முடிக்கத் தெரியலன்னு அந்தக் கண்ணாடிக்காரன் சிரிக்கறான். இந்த வருஷமும் உனக்கு முடியலன்னா என் பலகையைக் கழட்டிட வேண்டியதுதான்.”

மகள் விசைப்பலகையைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினாள்.

“விஷயத்துக்கு வா” என்று தரகர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். “பார்வையாளர் எண்ணிக்கை எகிறிப் போச்சு. நானே பாத்தேன். அவ்வளவு கூட்டம் வருது. தனி சர்வர்தான். முடிச்சுடு.”

கம்ப்யூட்டர்காரன் நாற்காலியில் இன்னும் நுனிக்கு நகர்ந்தான். “அது கூட்டம் இல்ல சார். ஒரே ஆளு.”

“என்னது?”

“ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து, ஒரே பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பித் திறந்திருக்கு. அதைக் கழிச்சுட்டா, உங்க சைட்டுக்கு வர்றவங்களை இந்த அறையிலேயே உட்கார வச்சுடலாம்.”

தரகர் முகம் சுருங்கியது. அடுத்த நொடி மலர்ந்தது. “கண்ணாடிக்காரன் வேலை! என் சைட்டைப் படுக்க வைக்கப் பாக்கறான். எந்தப் பக்கத்தை?”

“உங்க பொண்ணோட பக்கத்தை, சார்.”

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

தரகர் எழுந்தேவிட்டார். “என் பொண்ணு போட்டோவையா? எவன் அந்த வேலைவெட்டி இல்லாத கழுதை? நேர்ல வந்து கேக்கத் துப்பில்லாம, கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒளிஞ்சு பாக்கறான் பாரு!”

“துப்பில்லாதவன்தான் சார்.”

“கோழை!”

“கோழைதான் சார்.”

“நீ எதுக்கு எனக்கு ஒத்து ஊதறே? தனி சர்வர் போடு. என் வீட்டு வாசலை அவன் மிதிக்கக் கூடாது.”

“போட்டாலும் வருவான் சார்.”

“அதெப்படி வருவான்?”

கம்ப்யூட்டர்காரன் பக்கத்து மேஜையைப் பார்த்தான். மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நேராக வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, தனிக் குடித்தனம் சைட்டுக்குத் தேவையில்ல. எங்களுக்குத்தான் தேவை.”

அதுவரை வாய்க்கு வாய் சார் போட்டுக்கொண்டிருந்தவனும் எழுந்து நின்றான்.

“ஆமா, மாமா.”