ஒரு வாய் இனிப்பு

நிச்சயத் தாம்பூலம் மாற்றியதும் மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் தாய் செண்பகத்தின் வாயருகே மைசூர்பாகை நீட்டினாள்.

“மன்னிச்சுக்குங்க சம்பந்தி. சர்க்கரையால கால்விரல் ஒண்ணை எடுத்துட்டாங்க. அன்னையிலிருந்து இனிப்பைத் தொடுறதில்லை.”

“நல்ல காரியத்துல வெட்டினது அறுத்தது பேச்சு எதுக்கு? எங்க வீட்டு இனிப்பு கசக்குதா?”

“போனது என் விரல் சம்பந்தி. வெத்தலை குடுங்க, சந்தோஷமா மெல்றேன்.”

“வாயைத் திறடி. சபையில மானத்தை வாங்காதே,” என்று பல்லைக் கடித்தார் கணவர்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் செண்பகம் வாயைத் திறந்தாள். இனிப்பைத் திணித்துவிட்டார்கள். கூடம் கைதட்டியது. அவள் விழுங்கவில்லை, கன்னம் புடைக்க, கண் சிவக்க அப்படியே நின்றாள்.

மணையிலிருந்து எழுந்துவந்த மகள், அம்மாவின் மோவாய்க்குக் கீழே மருதாணிக் கையை ஏந்தினாள்.

“துப்பும்மா.”